வால்வு ஆம்ப் மக்கர் பண்ணுது: நாமே பாக்கலாமா, மெக்கானிக்கிட்ட குடுக்கலாமா, வித்துடலாமா?

"ஆன் பண்ணா உம்முனு இரையுது, வால்வு செட் மாத்தணுமா?", "வாசிச்சிட்டு இருக்கும்போதே சவுண்டு பாதியா இறங்கிடுது, யார்கிட்ட குடுக்குறது?", "பியூஸ் போட்டா போயிட்டே இருக்கு, பேசாம வித்துடவா?" கிட்டாருக்கு வால்வு ஆம்ப் (டியூப் போட்ட ஆம்ப்ளிஃபையர்) வச்சிருக்கறவங்ககிட்டேர்ந்து இந்த மூணு கேள்வியும் மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கு. கேக்குறவங்க எல்லாரும் ஒரே இடத்துல தான் மாட்டிக்கிறாங்க. கோளாறு ஆம்புல எந்தப் பக்கம் இருக்குனு தெரியறதுக்கு முன்னாடியே முடிவு எடுக்கப் பாக்குறாங்க. அதுலயும் பெரும்பாலானவங்க முதல் வேலையா புது வால்வு செட் ஒண்ணு ஆர்டர் போட்டுடுறாங்க, அது வந்து மாத்தினதுக்கு அப்புறமும் அதே இரைச்சல் இருந்தா தான் யோசிக்கவே ஆரம்பிக்கிறாங்க. பணம் வீணாகுறது பாதி இங்க தான்.

## எதையெல்லாம் வச்சு முடிவு பண்ணணும்

முதல் விஷயம், கோளாறு சேசிஸுக்கு, அதாவது சர்க்யூட் இருக்குற உலோகப் பெட்டிக்கு, வெளியவா உள்ளவா. கேபிள், ஜாக்ல அழுக்கு, வால்வு, ஸ்பீக்கர் இதெல்லாம் வெளிய, இதுக்கு ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், டிரான்ஸ்ஃபார்மர், சால்டரிங் எல்லாம் உள்ள.

ரெண்டாவது, உயிர். வால்வு ஆம்புக்குள்ள 300லேர்ந்து 500 வோல்ட் வரைக்கும் டிசி ஓடும், பிளக்க புடுங்கின பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்ல (பவர் சப்ளைய சீராக்குற பார்ட்) அது தேங்கி நிக்கும். இத வேற எந்த அளவுகோலோடயும் சமமா வைக்காதீங்க.

மூணாவது ஆம்போட செகண்ட் ஹேண்ட் விலை. என் கணக்கு சிம்பிள், ரிப்பேர் செலவு அந்த விலையில பாதிய தாண்டுச்சுனா ஒரு தடவை நின்னு யோசிக்கணும், தாண்டலைனா ரிப்பேர் தான். நாலாவது, உங்களுக்கு எப்போ வேணும். ஞாயித்துக்கிழமை சர்ச்ல வாசிக்கணும்ங்கறவருக்கும் வீட்டுல மட்டும் வாசிக்கிறவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

## முடிவுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம்

இந்தப் பகுதிய மட்டும் தாண்டிப் போகாதீங்க ப்ளீஸ். ஆம்ப திறக்காமலே கோளாறு எந்தப் பக்கம்னு பெரும்பாலும் கண்டுபிடிச்சிடலாம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் மனசுல இருக்கட்டும். ஸ்பீக்கர் கனெக்ட் பண்ணாம வால்வு ஆம்ப ஆன் பண்ணவே கூடாது, லோடு இல்லாம ஓட்டினா பவர் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்குற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அடிபட வாய்ப்பு இருக்கு, ஆம்புல விலை கூடின பார்ட்ல அதுவும் ஒண்ணு. அடுத்தது, அமெரிக்காலேர்ந்து யாராவது தூக்கிட்டு வந்த ஆம்பா இருந்தா பின்னாடி என்ன வோல்டேஜ் போட்டிருக்குனு பாருங்க, 120னு இருந்தா ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம நம்ம 230ல சொருகக்கூடாது. அந்த டிரான்ஸ்ஃபார்மரும் ஆம்ப் இழுக்குற வாட்ட விட தாராளமா பெருசா இருக்கணும்.

சரி, டெஸ்டுக்கு வருவோம். பெடல் எல்லாத்தையும் கழட்டிட்டு வேற ஒரு நல்ல கேபிள்ல கிட்டார நேரா ஆம்புல போடுங்க. பிளக் பாயிண்ட்ல எர்த் உண்மையிலேயே வருதானு பாருங்க. நம்ம ஊர்ல மூணு ஓட்டை இருக்கும், மேல் ஓட்டையில ஒயரே இருக்காது, அப்படி இருந்தா இரைச்சலும் வரும், கம்பிய தொட்டுக்கிட்டே மைக் கிட்ட வாய வச்சா ஷாக்கும் அடிக்கும். அது ஆம்போட கோளாறே இல்ல, எலக்ட்ரீசியன கூப்பிட வேண்டிய விஷயம்.

அப்புறம் இரைச்சல் வரும்போது வால்யூம ஜீரோவுக்கு கொண்டு வாங்க. இரைச்சல் நின்னுடுச்சா, கோளாறு வால்யூமுக்கு முன்னாடி, அதாவது ப்ரீஆம்ப் வால்வு (கிட்டார் சிக்னல முதல்ல பெருசாக்குற சின்ன வால்வு), இன்புட் ஜாக் பக்கம். ஜீரோலயும் அதே அளவு இரையுதா, அப்போ ஃபேஸ் இன்வெர்ட்டர் (பவர் வால்வுக்கு சிக்னல ரெண்டா பிரிச்சு குடுக்குற வால்வு), பவர் வால்வு (ஸ்பீக்கர ஓட்டுற பெரிய வால்வு), பவர் சப்ளை பக்கம். இந்த ஒரு டெஸ்ட் ஆம்ப பாதியா பிரிச்சு குடுத்துடும். (மாஸ்டர் வால்யூம் இருக்குற ஆம்புல அதையும் தனியா இறக்கி பாருங்க, இன்னும் நெருங்கிடலாம்.)

இரைச்சலோட சுருதிய காது குடுத்து கேளுங்க, இது கிட்டார் வாசிக்கிறவங்களுக்கே உள்ள வசதி. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஃபில்டர் கெப்பாசிட்டர் வறண்டு போனா வர்ற இரைச்சல் அதுக்கு ரெண்டு மடங்கு, 100 ஹெர்ட்ஸ், ஆறாவது கம்பியில மூணாவது ஃப்ரெட்ல வாசிக்கிற ஜி கிட்டத்தட்ட அதே சுருதி தான், 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அந்த ஜி கூட சேர்ந்து போச்சுனா பவர் சப்ளைய சந்தேகப்படுங்க. அதுக்கு ஒரு ஆக்டேவ் கீழ, பேஸ் கிட்டார்ல தடி கம்பி மூணாவது ஃப்ரெட் மாதிரி இருந்தா அது 50, எர்த் பிரச்சனை, இல்லைனா ஹீட்டர் லைன் (வால்வ சூடாக்குற கரண்ட்) பிரச்சனையா இருக்கும், சில சமயம் ஒரு வால்வு மட்டும் கெட்டுப் போனாலும் இப்படி வரும். அமெரிக்காக்காரங்க வீடியோல 60, 120னு சொல்லுவாங்க, அது அவங்க ஊர் கரண்ட், இங்க வச்சு தேடினா குழம்பிடும்.

சவுண்டு திடீர்னு இறங்குது, ஏறுது, ஆனா இரைச்சல் இல்லனா ஆம்புக்கு பின்னாடி எஃபெக்ட்ஸ் லூப் இருக்கானு பாருங்க, ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவுல பெடல் மாட்டுறதுக்கு செண்ட், ரிட்டர்ன்னு ரெண்டு ஜாக். செண்ட்லேர்ந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன பேட்ச் கேபிள் போடுங்க. சவுண்டு நிலையா நின்னுடுச்சுனா ரிட்டர்ன் ஜாக்குக்குள்ள இருக்குற காண்டாக்ட் கறுத்துப் போயிருக்குனு அர்த்தம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடல் காத்து அடிக்கிற ஊர்ல இது சகஜம். காண்டாக்ட் கிளீனர் அடிச்சு பிளக்க பத்து தடவை சொருகி எடுத்தா தீரும். இந்த ஒரு விஷயத்துக்காக பவர் வால்வு செட்டே மாத்தினவங்க உண்டு.

கடைசியா கண்ணால பாருங்க, லைட்ட அணைச்சிட்டு. வால்வு நடுவுல ஆரஞ்சு கலர்ல மினுங்குறது ஹீட்டர், அது எரியணும். கண்ணாடி ஓரத்துல லேசா நீலமா ஒளி தெரியுறதும் பவர் வால்வுல நார்மல் தான். ஆனா ஹீட்டர சுத்தி நிக்கிற சாம்பல் கலர் தகடு, பிளேட்டுனு சொல்றது, பக்கவாட்டுல சிவந்து திட்டு திட்டா பழுக்க ஆரம்பிச்சா அந்த நொடியே ஆஃப் பண்ணிடுங்க, பயாஸ் (பவர் வால்வுல சும்மா நிக்கும்போது எவ்வளவு கரண்ட் ஓடணும்னு வைக்கிற செட்டிங்) போயிருக்கு, இல்லைனா வால்வு உள்ளயே ஷார்ட். கண்ணாடிக்குள்ள வெள்ளி மாதிரி பளபளனு இருக்க வேண்டிய பூச்சு பால் கலந்த மாதிரி வெளுத்துப் போயிருந்தா காத்து உள்ள புகுந்துடுச்சு, அந்த வால்வு முடிஞ்சுது.

## ஒரே பார்வையில

| | வால்வு மட்டும் மாத்துறது | சேசிஸ் திறந்து நாமே | டெக்னீஷியன் | வித்துட்டு வேற |
|---|---|---|---|---|
| எந்தக் கோளாறுக்கு | கறமுறா சத்தம், கீச்சுனு கத்துறது, தட்டினா டங்குனு கேக்குறது | ஜாக் லூஸ், சால்டர் விரிசல், வால்யூம், டோன் திருகுற பாட் கரகரப்பு | பியூஸ் போறது, பிளேட் சிவக்கிறது, 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் | டிரான்ஸ்ஃபார்மர் போன விலை கம்மி ஆம்ப் |
| நேர் செலவு | கம்மி | ரொம்ப கம்மி | நடுத்தரம் | அதிகம் |
| மறைஞ்ச செலவு | தேவையில்லாத செட், பயாஸ் கூலி | மீட்டர், டூல்ஸ், தப்பா போனா ரெண்டு மடங்கு ரிப்பேர் | தூக்கிட்டு போறது, பார்ட்ஸுக்கு காத்திருக்கிறது | அடிமாட்டு விலை, புது ஆம்ப் பழகுற காலம் |
| ஆபத்து | சூடு மட்டும் | உயிர் | இல்ல | இல்ல |

## 1. வெளியிலேர்ந்தே வால்வு மாத்தி பாக்குறது

ப்ரீஆம்ப் வால்வு கெட்டுப் போறது தான் இருக்கறதுலயே சுலபமான கேஸ். எல்லாரும் கைல ஒரே ஒரு நல்ல 12ஏஎக்ஸ்7 ஸ்பேர் வச்சுக்கோங்க, ஐரோப்பாவுல அதையே இசிசி83னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணு தான். ஆம்ப ஆஃப் பண்ணி ஆற விட்டு, இன்புட் ஜாக் பக்கத்துல இருக்குற வால்வ எடுத்துட்டு ஸ்பேர போடுங்க, சரியாகலைனா பழசையே அதே இடத்துல வச்சிட்டு அடுத்தது. ஒவ்வொண்ணா போகணும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா எது கெட்டதுனு தெரியவே தெரியாது. ஆன்ல இருக்கும்போது ஒரு மர பென்சிலோட பின்பக்கத்தால மெதுவா தட்டி பாக்கலாம், மத்ததெல்லாம் லேசா டொக்குனு கேக்கும்போது ஒண்ணு மட்டும் மணி அடிச்ச மாதிரி ஸ்பீக்கர்ல வந்தா அது மைக்ரோஃபோனிக் ஆயிடுச்சு, அதாவது அதிர்வையே மைக் மாதிரி சத்தமா மாத்துது.

பவர் வால்வு கதை வேற. ரெண்டு வால்வு புஷ்புல் ஆம்புல (ரெண்டும் மாறி மாறி வேலை செய்யுற டைப்) ஜோடியா தான் மாத்தணும், மேட்ச் பண்ணின ஜோடி. வாக்ஸ் ஏசி15, ஏசி30 மாதிரி கேத்தோட் பயாஸ் ஆம்புல (பயாஸ் தானாவே செட் ஆகுற டைப்) மாத்திட்டு வாசிக்கலாம். ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ், மார்ஷல்ல இஎல்34 போட்ட ஆம்ப் இதெல்லாம் ஃபிக்ஸட் பயாஸ், வால்வு மாத்தினா பயாஸ் அளந்து செட் பண்ணணும். கணக்கு பெரிய வித்தை இல்ல: இஎல்34 தாங்குறது 25 வாட், அதுல 70% எடுத்தா 17.5, பிளேட் வோல்டேஜ் 450னா வால்வுக்கு சுமார் 39 மில்லிஆம்ப். ஆனா அந்த 450 வோல்ட்ட அளக்குறது தான் விஷயம். அதனால பவர் வால்வு வாங்குற பட்ஜெட்ல பயாஸ் கூலியையும் சேர்த்தே போடுங்க.

வாங்கும்போது பிராண்ட் பேர பார்த்து ரொம்ப அலையாதீங்க. இன்னைக்கு கிட்டார் ஆம்ப் வால்வு பெரும்பாலும் வர்றது ஸ்லோவாக்கியால ஜேஜே, ரஷ்யால சரடோவ் ஃபேக்டரி, அப்புறம் சீனா, அவ்வளவு தான். சோவ்டெக், எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்சோல் எல்லாம் அந்த ஒரே சரடோவ்லேர்ந்து வர்றது. 2022 மார்ச்ல ரஷ்யா ஏற்றுமதிக்கு தடை போட்டப்போ மார்க்கெட்டே ஆடிப் போனதுக்கு காரணம் இது தான். பழைய ரேடியோ கடையில பெங்களூரு பெல் கம்பெனி ஒரு காலத்துல தயாரிச்ச வால்வு டப்பாவோட கிடைச்சா விடாதீங்க, நல்ல சரக்கு, ஆனா டெஸ்டர்ல வச்சு காட்ட சொல்லிட்டு வாங்குங்க.

## 2. சேசிஸ் திறந்து நாமே பாக்குறது

இத யார் பண்ணலாம்னா, ஏற்கனவே சால்டரிங் கை வந்தவங்க, மீட்டர் புடிச்சு பழகினவங்க, கெப்பாசிட்டர டிஸ்சார்ஜ் பண்ணி அளந்து பாக்காம உள்ள விரல வைக்காதவங்க. மூணும் இருந்தா இது ரொம்ப நல்ல ஆப்ஷன், ஏன்னா வால்வு ஆம்ப் சர்க்யூட் உண்மையில சின்னது, ஸ்கிமாட்டிக்கும் (சர்க்யூட் படம்) பெரும்பாலான மாடலுக்கு கிடைக்கும். மூணுல ஒண்ணு இல்லைனாலும் நேரா அடுத்த பகுதிக்கு போயிடுங்க, இதுல எனக்கு சமரசமே கிடையாது.

பிளக்க புடுங்கிட்டு, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ண நல்லா இன்சுலேஷன் சுத்தின கிளிப் ஒயர்ல சேர்த்து ஒரு முனைய சேசிஸ்ல மாட்டி, இன்னொரு முனைய ஃபில்டர் கெப்பாசிட்டர் ப்ளஸ்ல வச்சு கொஞ்ச நேரம் புடிங்க, ஒரு கை பின்னாடி இருக்கட்டும். அப்புறம் மீட்டர்ல அளக்கணும், சில வோல்ட்டுக்கு கீழ வரணும். எடுத்த பிறகு கெப்பாசிட்டர் தானா கொஞ்சம் ஏறிக்கும், அதனால வேலை முடியற வரைக்கும் கிளிப் அங்கேயே இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவர நேரா ஷார்ட் பண்ணி பொறி பறக்க விடுறது வேண்டவே வேண்டாம். ரிப்பேருக்கு அப்புறம் முதல் தடவை ஆன் பண்றது எலக்ட்ரீசியன் வச்சிருப்பாங்களே சீரீஸ் போர்டு, குண்டு பல்பு போட்டது, அது வழியா தான். பல்பு ஒரு தடவை பளிச்சுனு எரிஞ்சு மங்கிட்டா சரி, முழு வெளிச்சத்துல நின்னா உள்ள எங்கயோ ஷார்ட் இருக்கு, ஆம்ப் பிழைச்சுது.

இதுக்கு சரியான உதாரணம் ஹாட் ராட் டீலக்ஸ் தான். அதுல 470 ஓம் 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ரெண்டு போர்டுல ஒட்டினாப்ல உக்காந்திருக்கும், லோ வோல்டேஜ் சப்ளைக்கு. சூடேறி சூடேறி அதோட சால்டர் விரிசல் விட்டுடும், போர்டும் அந்த இடத்துல பழுப்பா கருகியிருக்கும். ஆம்ப் இருபது நிமிஷம் நல்லா ஓடிட்டு, சூடானதும் ரிவெர்பும் சேனல் ஸ்விட்சும் வேலை செய்யாம போறதுக்கு முதல்ல பாக்க வேண்டிய இடம் இது. ரெசிஸ்டர புதுசு போட்டு, போர்டுலேர்ந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தி சால்டர் பண்ணா வருஷக்கணக்கா நிக்கும். பார்ட்ஸ் விலை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு டீ காசு தான்.

மறைஞ்ச செலவுனா, வாரண்டி இருந்தா அது போச்சு. அதோட மலிவான பிசிபி (பிரிண்டட் சர்க்யூட் போர்டு) ஆம்புல சால்டரிங் அயர்ன அதிக நேரம் வச்சா காப்பர் ட்ராக்கே உரிஞ்சு வந்துடும், அப்புறம் டெக்னீஷியன் அதையும் சேர்த்து சரி பண்ணணும்.

## 3. டெக்னீஷியன்கிட்ட குடுக்குறது

பியூஸ் போனா ஒரு தடவை, அதே அளவு, அதே ஸ்லோ ப்ளோ டைப் (ஆன் பண்ற நொடி அதிக கரண்ட தாங்குற) பியூஸ் போட்டு பாக்கலாம். பவர் வால்வ எல்லாம் கழட்டிட்டு போட்டா பியூஸ் நிக்குது, மாட்டினா போகுதுனா வால்வுல ஷார்ட், இல்லைனா பயாஸ் வரலை. வால்வே இல்லாம போகுதுனா டையோடு, கெப்பாசிட்டர், பவர் டிரான்ஸ்ஃபார்மர்ல ஒண்ணு, அத்தோட நிறுத்திட்டு எடுத்துட்டு போங்க. வீட்டு மெயின்ல கட்டுற மாதிரி காப்பர் ஒயர் கட்டுறது, பெரிய பியூஸ் போடுறது ரெண்டும் டிரான்ஸ்ஃபார்மர எரிக்கிற வேலை.

யார்கிட்டனு தான் பெரிய கேள்வி. வாரண்டி காலத்துலனா யோசிக்கவே வேண்டாம், பிராண்டோட சர்வீஸ் செண்டர் தான், பில்லோட. வாரண்டி முடிஞ்சதுனா போர்ட் மாத்துற ஆள விட பார்ட் மாத்துற ஆள தேடுங்க. வால்வு ரேடியோ காலத்துலேர்ந்து வேலை பாக்குற பெரியவங்க சில ஊர்ல இன்னும் இருக்காங்க, ஹை வோல்டேஜ் அவங்களுக்கு கை வந்த கலை, கிட்டார் ஆம்ப பார்த்ததில்லைனாலும் ஸ்கிமாட்டிக்க பிரிண்ட் எடுத்து குடுத்தா புடிச்சுக்குவாங்க. மொபைல், எல்இடி டிவி மட்டும் பாக்குற தம்பிங்க எவ்வளவு கெட்டிக்காரங்களா இருந்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம்.

குடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க: "அண்ணே, வால்வு போட்ட செட் ரிப்பேர் இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களா, பயாஸ் எத்தனை மில்லிஆம்ப்ல வச்சீங்கனு எழுதி குடுப்பீங்களா, கழட்டின பார்ட்ஸ திருப்பி குடுப்பீங்களா?" இந்த மூணுக்கும் முகம் சுளிக்காம பதில் சொல்றவர நம்பலாம். நீங்களும் கால் மணி நேர டெஸ்ட்ல பார்த்தத ஒரு பேப்பர்ல எழுதி குடுங்க, இரைச்சல போன்ல ரெக்கார்டு பண்ணி காட்டுங்க, அவரோட தேடுற நேரம் பாதியா குறையும், கூலியும் குறையும்.

டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சுனு சொன்னா எதுனு கேளுங்க. பவர் டிரான்ஸ்ஃபார்மர நல்ல காயில் கட்டுறவர் திருப்பி கட்டிடுவார். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அப்படி இல்ல, அதுல ப்ரைமரி சுருளும் செகண்டரி சுருளும் அடுக்கு மாத்தி அடுக்கு சுத்தியிருக்கும், ஸ்டெபிலைசர் கட்டுற மாதிரி கட்டினா சவுண்டு வரும், ட்ரெபிள் செத்துப் போயிருக்கும். அதுக்கு அந்த மாடலுக்கு பொருந்துற புது டிரான்ஸ்ஃபார்மர் வரவழைக்கிறது தான் சரி, நாள் ஆகும்.

மறைஞ்ச செலவுல பெருசு போக்குவரத்து. ஹாட் ராட் டீலக்ஸே இருபது கிலோ, ஃபெண்டரோட ட்வின் ரிவெர்ப் ஆம்ப் முப்பதுக்கு பக்கம். வெளியூருக்கு கூரியர்ல அனுப்புறதா இருந்தா வால்வ கழட்டி, எது எந்த சாக்கெட்னு மார்க் பண்ணி தனி டப்பால வைங்க, சேசிஸ் மட்டும் அனுப்பினா போதுமானு அவர்கிட்டயே கேளுங்க, பெரும்பாலும் போதும்.

## 4. வித்துட்டு வேற வாங்குறது

ரெண்டு சந்தர்ப்பத்துல இது தான் சரி. ஒண்ணு, விலை கம்மியான பிசிபி ஆம்புல டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கு. இன்னொண்ணு, ஆம்பே உங்க வாழ்க்கைக்கு பொருந்தலை, அபார்ட்மெண்ட்ல இருக்கீங்க, 15 வாட் வால்வு ஆம்பே நல்லா ஓவர்டிரைவ் ஆகுற அளவுக்கு ஏத்தினா பக்கத்து வீடு கதவ தட்டும், வாரா வாரம் வேற வேற மேடை. மாடலர் (ஆம்ப் சவுண்ட டிஜிட்டலா குடுக்குற கருவி) ஒண்ணோட நிம்மதியா இருப்பீங்க, ஹெட்ஃபோன் இருக்கு, எடையும் இல்ல.

ஆனா ரிப்பேர்ல அலுத்துப் போய் விக்காதீங்க. "வேலை செய்யலை"னு போட்டா கேக்குறவங்க அடிமாட்டு விலைக்கு தான் கேப்பாங்க. "வால்யூம் ஜீரோலயும் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல், ஃபில்டர் கெப்பாசிட்டர் மாத்தணும், டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டும் நல்லா இருக்கு"னு எழுதி போட்டா விஷயம் தெரிஞ்சவர் வருவார், விலையும் வேற. இன்னொண்ணு, ஸ்பீக்கர கழட்டி வச்சுக்கலாமானு யோசிங்க, நல்ல 12 இன்ச் ஸ்பீக்கரும் கேபினட்டும் ஓமும் வாட்டும் பொருந்துற எந்த ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) கூடவும் ஓடும்.

அதே மாதிரி பதினஞ்சு, இருபது வருஷம் ஆன ஆம்புல ஃபில்டர் கெப்பாசிட்டர் வறண்டு போறது நோயே இல்ல, வயசு. அந்த கெப்பாசிட்டர்கள (எலக்ட்ரோலிட்டிக்னு சொல்றது) புதுசா போட்டு, பயாஸ் செட் பண்ணா இன்னொரு பதினஞ்சு வருஷம் ஓடும். அந்த ஒரு காரணத்துக்காக நல்ல ஆம்ப விக்கிறது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமா இருக்கும், மாடலர்ல எல்லா சவுண்டும் இருக்குனு சொன்னாலும் சரி.

## நாளைக்கே ப்ரோக்ராம்னா

மேல சொன்ன எதையும் இன்னைக்கு ராத்திரி ஆரம்பிக்காதீங்க. கேபிள், எர்த், லூப்ல பேட்ச் கேபிள், ஸ்பேர் 12ஏஎக்ஸ்7, இந்த நாலும் பார்த்தும் சரியாகலைனா ஆம்ப வீட்டுலயே விட்டுடுங்க. ப்ரீஆம்ப் பக்கம் நல்லா இருந்து பவர் ஆம்ப் மட்டும் போயிருந்தாலும், ஸ்பீக்கர் மாட்டி செண்ட் ஜாக்லேர்ந்து மிக்ஸருக்கு எடுத்துடலாம்னு தோணும், பிளேட் சிவக்கிற ஆம்புலயும் பியூஸ் போற ஆம்புலயும் அது கூடவே கூடாது. ஹால்ல சவுண்டு பாக்குற அண்ணன்கிட்ட இன்னைக்கே போன் பண்ணி, ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னல மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) வேணும்னு சொல்லி, கேபினட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் சவுண்ட மாதிரி ஆக்குறது) இருக்குற பெடலோட நேரா மிக்ஸர்ல போட்டு வாசிச்சிட்டு வாங்க. ஆம்ப திங்கட்கிழமை பாத்துக்கலாம்.